எலக்ட்ரான் பீம் வச்சு மேல்பரப்பை கடினமாக்குறது எப்படி: ஸ்டீலுக்கு ஒரு வழி, டைட்டானியத்துக்கு வேற வழி

எலக்ட்ரான் பீம் வெல்டிங் மெஷின் இருக்குற எந்த இடத்துலயும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்துரும், இதே பீமை வச்சு ஜாப்போட (அதாவது வேலைக்கு வந்த உலோகத் துண்டோட) மேல்தோலை மட்டும் ஹார்டன் பண்ண, அதாவது கடினமாக்க, முடியாதான்னு. தாராளமா முடியும். ஆனா வெல்டிங் புரோகிராமை அப்படியே எடுத்து கரண்டை மட்டும் குறைச்சு ஓட்டினா வேலைக்கு ஆகாது, ஏன்னா வெல்டிங்ல ஆழமா போறதுதான் நோக்கம், இங்க பரவலா, மேலாப்புல, சீரா சூடு போகணும். அதை விட முக்கியம், எந்த உலோகத்துக்கு நிஜமாவே உருக்கணும், எதுக்கு உருக்காமலே வேலை முடியும்னு முதல்லயே முடிவு பண்றது. இங்க சொதப்பிட்டா பின்னாடி எந்த செட்டிங்கை மாத்தினாலும் சரி வராது.

முதல்ல பீம் என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் பாத்துருவோம். 60 கிலோவோல்ட்ல கிளம்புற எலக்ட்ரான் ஒளியோட வேகத்துல சுமார் 45 சதவீத வேகத்துல வந்து ஜாப்ல இடிக்குது. இரும்புல அது சுமார் 10 மைக்ரான் ஆழத்துக்குள்ள நின்னுரும், டைட்டானியம் அடர்த்தி கம்மிங்கறதால 17 மைக்ரான் வரைக்கும் போகும். அதாவது சூடு உண்டாகுறது அந்த மெல்லிய தோலுக்குள்ளதான், அதுக்குக் கீழ எல்லாம் வெறும் வெப்பக் கடத்தல்தான். இரும்புல விழுற சக்தியில முக்கால் பங்குக்கு மேல உள்ள போயிரும், மீதி சிதறித் திரும்பி வந்துரும். கார்பன் டைஆக்சைடு லேசர்ல பளபளப்பான உலோகம் பெரும்பகுதியை திருப்பி அடிச்சுரும், அதனால கருப்பா ஏதாவது பூசி ஓட்டணும், இதுல அந்தத் தொல்லை இல்ல. பீம் நகர்ந்த உடனே கீழ இருக்குற குளிர்ந்த உலோகம் சூட்டை உறிஞ்சிக்கும், உருகாத நிலையில விநாடிக்கு ஆயிரம், பத்தாயிரம் டிகிரி கணக்குல குளிரும், உருகின தோல் அதை விட வேகமா குளிரும். எண்ணெயும் வேண்டாம் தண்ணியும் வேண்டாம், ஜாப்தான் குவென்ச் பண்ணுது, அதாவது சடார்னு குளிர வைக்குது. அதனாலதான் ஜாப்ல போதுமான சதை இருக்கணும்ங்கறது. கடினமாக்க வேண்டிய ஆழத்தை மாதிரி எட்டு பத்து மடங்கு கனம் கீழ இல்லேன்னா மொத்தமும் சூடாகி மெதுவா ஆறும், கடைசியில மார்ட்டன்சைட் (ஸ்டீல் வேகமா குளிரும்போது கிடைக்கிற கடினமான அமைப்பு) கிடைக்காது.

இப்ப உருக்கலாமா வேண்டாமாங்கற விஷயம். இஎன் 19 (ஜெர்மன்காரங்க 42 குரோம் மாலி 4-ன்னு சொல்றது), இஎன் 24 மாதிரி 0.4 சதவீத கார்பன் இருக்குற ஸ்டீலுக்கு உருக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் கிடையாது. உருகுநிலைக்குக் கீழயே நிறுத்தி, தோலை ஆஸ்டினைட் (நல்லா சூடான ஸ்டீல் மாறுற, கார்பனைக் கரைச்சு வச்சுக்கிற அமைப்பு) ஆக்கி விட்டுட்டா தானா மார்ட்டன்சைட் ஆகி 600, 650 விக்கர்ஸுக்கு (கடினத்தை அளக்குற அலகு) மேல வந்து நிக்கும். மேல்பரப்பு அழியாது, கிரைண்டிங் அலவன்ஸும் ரொம்ப வேண்டாம், அழுத்தத் தகைவு தோல்ல நிக்குறதால ஃபடீகுக்கும் (திரும்பத் திரும்ப லோடு ஏறி இறங்குறதால வர்ற களைப்பு) நல்லது. ஆனா வேகமா சூடு பண்றோம்ங்கறதால ஃபர்னஸ்ல வைக்குற டெம்பரேச்சர் இங்க பத்தாது, கார்பன் கரைஞ்சு பரவ நேரம் கிடைக்காது, அதனால 900-க்கு மேல 1000, 1100 வரைக்கும் தோலைக் கொண்டு போகணும். முன்னாடியே குவென்ச் அண்ட் டெம்பர் (சடார்னு குளிர வச்சு, திரும்ப மிதமா சூடாக்குறது) பண்ணின ஜாப்னா கார்பைடு (கார்பன் உலோகத்தோட சேந்த கடினத் துகள்) எல்லாம் பொடியா பரவி இருக்கும், சீக்கிரம் கரையும். அனீல் பண்ணின (சூடாக்கி மெதுவா ஆற விட்டு சாஃப்டாக்கின) மெட்டீரியல்ல கட்டிகட்டியா இருக்குறதால ரிசல்ட் திட்டுதிட்டா வரும். ஜாப் அனீல்டு கண்டிஷன்ல வந்தா முதல்ல ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் பீமுக்கு கொண்டு வாங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

டூல் ஸ்டீல்ல (அச்சு, வெட்டுக் கருவி எல்லாம் செய்யுற ஸ்டீல்) உருக்கினா வேற மாதிரி லாபம் உண்டு, பெரிய கார்பைடு எல்லாம் கரைஞ்சு ரொம்ப நுண்ணிய அமைப்பா திரும்ப உறையும். ஹெச்13 ரகத்துல இது நல்லா வேலை செய்யும். ஆனா டி2 ரகத்துல ஜாக்கிரதை, அதுல சுமார் 1.5 சதவீத கார்பனும் 12 சதவீத குரோமியமும் இருக்கு, உருக்கினா அத்தனையும் கரைஞ்சு போய் ஆறினதுக்கு அப்புறமும் ஆஸ்டினைட்டாவே நின்னுரும், அளந்து பாத்தா உருகின தோல் கீழ இருக்குற உலோகத்தை விட சாஃப்டா இருக்கும். பீம் சரியில்லன்னு நினைச்சு கரண்டை ஏத்திக்கிட்டே போவாங்க, நிலைமை இன்னும் மோசமாகும். அதுக்கு மருந்து பீம்ல இல்ல, லிக்விட் நைட்ரஜன்ல −196 டிகிரிக்கு குளிர வைக்கிறது, இல்லேன்னா 520, 550 டிகிரி பக்கம் ரெண்டு மூணு தடவை டெம்பர் பண்ணி அந்த ஆஸ்டினைட்டை உடைக்கிறது.

டைட்டானியம் கிரேடு 5, அதாவது 6 சதவீத அலுமினியம் 4 சதவீத வனேடியம் இருக்குற அலாய், அது முழுக்க வேற கதை. சும்மா உருக்கி விட்டா ஸ்டீல் மாதிரி கல்லாயிரும்னு நிறைய பேர் எதிர்பார்க்குறாங்க. ஆகாது. 330, 350 விக்கர்ஸ்ல இருந்தது 400 பக்கம் போகும், அவ்வளவுதான். காரணம் இதுதான்: ஸ்டீல்ல கார்பன் அணு ரொம்பச் சின்னது, இரும்பு அணுக்களுக்கு நடுவுல சிக்கிக்கிட்டு மொத்த படிக அமைப்பையும் இழுத்து வளைச்சு வைக்குது, அந்த இழுவைதான் கடினம். டைட்டானியத்துல அலுமினியமும் வனேடியமும் டைட்டானியம் அணுவோட இடத்துலயே போய் உக்காந்துக்குது, இழுவை கம்மி, அதனால அங்க உண்டாகுற மார்ட்டன்சைட் பேருக்குத்தான் மார்ட்டன்சைட். கடினம் வேணும்னா உருகின குளத்துக்குள்ள வெளியில இருந்து ஏதாவது போட்டே ஆகணும். கார்பன், டைட்டானியம் கார்பைடு, போரான் கார்பைடு, இந்த மூணுதான் எளிமையான வழி.

பீமை ஆன் பண்றதுக்கு முன்னாடி ஜாப்பை கவனிங்க. காந்தம் இருக்கான்னு காஸ் மீட்டர் வச்சு பாருங்க, மேக்னடிக் சக்ல கிரைண்ட் பண்ணி வந்த ஸ்டீல் ஜாப்ல கண்டிப்பா மிச்ச காந்தம் இருக்கும், கொஞ்சூண்டு இருந்தாலே பீம் ஒரு பக்கமா ஒதுங்கும், நீங்க பிரோகிராம்ல என்ன பாதை போட்டாலும் பட்டை கோணலாத்தான் விழும். டீமேக்னடைஸ் பண்ணிட்டுத்தான் உள்ள வைக்கணும், ஃபிக்சரையும் சேத்து. ஜாப் நல்லா எர்த் ஆகி இருக்கணும். துரு, கருப்பு ஸ்கேல், கட்டிங் ஆயில் எதுவும் இருக்கக் கூடாது, அசிட்டோன்ல அல்ட்ராசோனிக் போட்டு எடுத்து அப்புறம் கையுறை இல்லாம தொடாதீங்க. அடைச்ச துளை, திரெட் இதுக்குள்ள இருக்குற எண்ணெய் வேக்குவம்ல மெல்ல மெல்ல ஆவியாகி கன்ல (எலக்ட்ரான் கிளம்புற பகுதி) ஸ்பார்க் அடிக்க வைக்கும், பாதி பட்டை போகும்போது பீம் வெட்டி வெட்டி வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பித்தளை, துத்தநாகம் பூசினது எதையும் உள்ளயே வைக்காதீங்க, துத்தநாகம் ஆவியாகி சேம்பர் முழுக்க படிஞ்சுரும். டை காஸ்டிங் அலுமினியமும் வேண்டாம், அதுல மாட்டி இருக்குற காத்து உருகின உடனே வெடிச்சு கிளம்பும், மேல்பரப்பு சல்லடையா போயிரும்.

வேக்குவம் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. கன் பக்கம் 10-இன் மைனஸ் 5 மில்லிபார், சேம்பர்ல 10-இன் மைனஸ் 4 வந்தா நிம்மதியா வேலை பாக்கலாம், ஸ்டீல் ஹார்டனிங் மட்டும்னா சேம்பர்ல 10-இன் மைனஸ் 2-லயே கூட ஓட்டுறாங்க. டைட்டானியம்னா விட்டுக் கொடுக்காதீங்க, அது சூட்டுல ஆக்சிஜனை உறிஞ்சிரும். (வேக்குவம் அளக்குற பிரானி கேஜுக்கு பேர் கொடுத்த மார்செல்லோ பிரானிதான் 1907-லயே டாண்டலம் மாதிரி உலோகங்களை எலக்ட்ரான் கதிரால உருக்குறதுக்கு பேட்டண்ட் வாங்கினவரும், ரெண்டும் ஒரே கையில இருந்து வந்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.)

அடுத்து ஃபோகஸ். ஒரு டங்ஸ்டன் துண்டை ஜாப்போட அதே உயரத்துல வச்சு 1, 2 மில்லியாம்பியர்ல கூர்மையான ஃபோகஸ் எந்த லென்ஸ் கரண்ட்ல வருதுன்னு குறிச்சுக்கோங்க. வேலை பாக்குறது அந்த இடத்துல இல்ல, அதுல இருந்து விலகி பீமை அகலப்படுத்தித்தான். சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரங்கள்ல வாட் விழுந்தா ஹார்டனிங், அதுக்கு மேல கொஞ்சம் போனா உருகல், லட்சத்தைத் தாண்டிட்டா கீஹோல் (உலோகம் ஆவியாகி உண்டாகுற குறுகலான ஆழ ஓட்டை) போட்டு ஆழமா இறங்கிரும், அது வெல்டிங்.

இனி பாதை, இதுல கொஞ்சம் நின்னு பேசணும், தரம் இங்கதான் இருக்கு. பக்கத்து பக்கத்துல கோடு கோடா ஓட்டி மொத்த பரப்பையும் நிரப்பலாம்னு தோணும். ஸ்டீல்ல அப்படி பண்ணினா ரெண்டாவது கோடு முதல் கோட்டோட ஓரத்தை டெம்பர் பண்ணிரும், வெட்டி எட்ச் பண்ணி (ஆசிட்ல லேசா அரிச்சு) பாத்தா வெள்ளையா கடினமான பட்டை, நடுவுல கருத்த சாஃப்ட் பட்டை, திரும்ப வெள்ளைன்னு வரிக்குதிரை மாதிரி இருக்கும். முடிஞ்ச வரைக்கும் ஒரே ஓட்டத்துல முழு அகலத்தையும் முடிங்க. பீமுக்கு எடை கிடையாது, டிஃப்ளெக்ஷன் காயில் (பீமை வளைக்குற காந்தச் சுருள்) வச்சு கிலோஹெர்ட்ஸ் கணக்குல குறுக்கால ஆட்டலாம், உலோகத்துக்கு அது ஒரே அகலமான சூடாத்தான் தெரியும். ஆட்டும்போது சைன் வேவ் போடாதீங்க, ட்ரையாங்கிள் வேவ் போடுங்க. சைன்ல பீம் ரெண்டு ஓரத்துலயும் திரும்புறதுக்காக வேகம் குறைஞ்சு அதிக நேரம் நிக்கும், ஓரம் உருகி நடுவு ஹார்டனே ஆகாம கிடக்கும். ட்ரையாங்கிள் போட்டும் நடுவுல ஆழமாவும் ஓரத்துல கம்மியாவும் வந்தா, அது சூடு பக்கவாட்டுல ஓடுறதால, அப்ப ஓரத்துக்கு மட்டும் கொஞ்சம் டைம் கூட்டிக் கொடுங்க. ஜாப்போட விளிம்பு, துளையோட வாய் இருக்குற இடத்துல இதுக்கு நேர் எதிரா பண்ணணும், சூடு போக வழி இல்லாததால அங்க சீக்கிரம் உருகிரும், அந்த இடத்தை பீம் வேகமா தாண்டுற மாதிரி பிரோகிராம் பண்ணுங்க. ரிங் மாதிரி வட்டமான ஜாப்ல ஆரம்பிச்ச இடமும் முடிக்கிற இடமும் சந்திக்கிற புள்ளியில சாஃப்ட் ஸ்பாட் விழும், ஜாப்பை வேகமா சுத்த விட்டு முழு வட்டத்தையும் ஒண்ணா சூடாக்கி ஒரே நேரத்துல பீமை நிறுத்தினா அந்தப் பிரச்சனை வராது.

நம்பர் கேப்பீங்கன்னு தெரியும். 60 கிலோவோல்ட், 5 மிமீ அகலம், விநாடிக்கு 10 மிமீ நகர்வு, இதை வச்சுக்கிட்டு இஎன் 19-ல உருக்காம ஹார்டன் பண்ண 12 மில்லியாம்பியர்ல (720 வாட்) ஆரம்பிங்க, உருக்கணும்னா 20 மில்லியாம்பியர் (1200 வாட்) பக்கம் போங்க. டைட்டானியம் சூட்டை ரொம்ப மெதுவா கடத்தும், அதனால அதே வேகத்துல 10 மில்லியாம்பியர்லயே உருக ஆரம்பிக்க வாய்ப்பு அதிகம். இதெல்லாம் ஆரம்பப் புள்ளி மட்டும்தான், மெஷினுக்கு மெஷின் பீமோட உருவம் மாறும், அதே மெட்டீரியல் அதே கனத்துல ஒரு டெஸ்ட் பீஸ் போட்டு கரண்டை ஒவ்வொரு மில்லியாம்பியரா ஏத்தி வரிசையா பட்டை போட்டு வெட்டிப் பாக்காம நிஜ ஜாப்ல கை வைக்காதீங்க. பட்டை முடியும்போது கரண்டை டக்குனு வெட்டாம சரிவா இறக்குங்க, இல்லேன்னா கடைசியில குழியும் அதுல இருந்து கிளம்புற விரிசலும் கண்டிப்பா இருக்கும். கார்பன் அதிகம் இருக்குற ஸ்டீல்னா 250, 300 டிகிரிக்கு ப்ரீஹீட் பண்ணிக்கோங்க, அதுக்கு தனியா ஹீட்டர் கூட வேண்டாம், அதே பீமை நல்லா அகலப்படுத்தி கம்மி பவர்ல நாலு சுத்து ஓட்டினா போதும்.

டைட்டானியத்துக்கு பவுடர் சேக்குறதை தனியா சொல்றேன். சும்மா பவுடரை தூவி பீமை விட்டா என்ன ஆகும்னா, விழுற எலக்ட்ரான் ஒவ்வொரு துகள்லயும் நெகடிவ் சார்ஜா ஏறிக்கும், ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு ஒரே நொடியில புகை மாதிரி மொத்தமும் பறந்துரும், மேடையில பவுடரே இருக்காது. பவுடர் அடுக்கி 3டி பிரிண்ட் பண்ற எலக்ட்ரான் பீம் மெஷின்லயும் இதே தொல்லைதான், அதனாலதான் அதுல முதல்ல லேசா சூடு பண்ணி துகள்களை ஒட்ட வைக்கிறாங்க. நாமளும் அதையே செய்யலாம். பவுடரை பாலிவினைல் ஆல்கஹால் கரைசல்ல குழைச்சு 0.1-ல இருந்து 0.3 மிமீ கனத்துக்கு சீரா பூசி, நல்லா காய வச்சு, அடுப்புல சுட்டு ஈரத்தை எடுத்துட்டு உள்ள வைங்க. பம்ப் ஓடினதும் ரொம்ப கம்மி கரண்ட்ல வேகமா பரவலா ஓட்டுங்க, பைண்டர் (அந்த பாலிவினைல் ஆல்கஹால் பசை) கேஸா போறது கேஜ்ல ஏறி இறங்குறதுலயே தெரியும். அது அடங்கினதுக்கு அப்புறம்தான் உருக்குற கரண்ட். உருகின குளத்துக்குள்ள சூட்டு வித்தியாசத்தால உலோகம் தானா சுழலும், அதுதான் உங்களுக்கு கலக்குற கரண்டி. டைட்டானியம் கார்பைடு உருகுறது 3000 டிகிரிக்கு மேல, ஆனா உருகின டைட்டானியத்துல ஒரு பகுதி கரைஞ்சு, ஆறும்போது கிளை கிளையா திரும்ப வளரும், எட்ச் பண்ணி மைக்ராஸ்கோப்ல பாத்தா பெரணி இலை கணக்கா தெரியும். கிராஃபைட் போட்டாலும் அங்கேயே டைட்டானியத்தோட சேந்து கார்பைடு ஆயிரும். போரான் கார்பைடு போட்டா டைட்டானியம் போரைடு ஊசிகளும் கார்பைடும் ரெண்டும் கிடைக்கும். நல்லா வந்தா 500 விக்கர்ஸை தாராளமா தாண்டும். அதுக்காக பூச்சை கனமா போடாதீங்க, கார்பைடு ஜாஸ்தியானா கடினம் ஏறும், கூடவே குறுக்கால விரிசலும் விழும், 900 விக்கர்ஸ்ல விரிசல் விட்ட தோலை விட 600-ல முழுசா இருக்குற தோல் எவ்வளவோ மேல்.

ஒரே இடத்தை திரும்பத் திரும்ப உருக்கி சரி பண்ணலாம்னு நினைக்காதீங்க. வேக்குவம்ல அலுமினியம் டைட்டானியத்தை விட ரொம்ப வேகமா ஆவியாகும், ஒவ்வொரு உருக்கலுக்கும் தோல்ல இருக்குற அலுமினியம் குறைஞ்சுக்கிட்டே போகும். கலவை சீரா வர்றதுக்கு ரெண்டு பாஸ் போதும். முடிஞ்ச உடனே கதவைத் திறக்கவும் கூடாது, 200 டிகிரிக்குக் கீழ இறங்கற வரைக்கும் வேக்குவம்லயே விடுங்க. வெளிய எடுக்கும்போது வெள்ளி மாதிரி இருந்தா சரி, வைக்கோல் நிறம், நீலம் எல்லாம் வந்தா காத்து பட்டிருக்குன்னு அர்த்தம். உருகின டைட்டானியம் தோல்ல இழு தகைவு நிக்கும், ஃபடீக் லோடு வர்ற ஜாப்னா வேக்குவம் ஃபர்னஸ்ல 600 டிகிரி பக்கம் ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ணாம அனுப்பாதீங்க.

ஹார்ட்னஸ் அளக்குற இடத்துலதான் நல்ல வேலையையும் தப்பா எடை போட்டுருவாங்க. ராக்வெல் சி-ல 150 கிலோ லோடு, 60 காட்டுற இடத்துல ஊசி சுமார் 80 மைக்ரான் இறங்கி நிக்கும், அந்த ஆழத்தை மாதிரி பத்து மடங்கு, அதாவது 0.8 மிமீ கடினமான தோல் இருந்தாதான் அந்த ரீடிங்கை நம்பலாம். உங்க தோல் 0.4 மிமீ-னா கீழ இருக்குற சாஃப்ட் உலோகம் அமுங்கி ரீடிங் குறைச்சலா காட்டும், ஜாப் நல்லா இருந்தும் ரிஜெக்ட் ஆயிரும். குறுக்கால வெட்டி, தண்ணி நிறைய விட்டு (வெட்டுற சூடே டெம்பர் பண்ணிரும்), மவுண்ட் பண்ணி 1 மைக்ரான் டயமண்ட் வரைக்கும் பாலிஷ் போட்டு மைக்ரோ விக்கர்ஸ்ல 300 கிராம் லோடு வச்சு மேல இருந்து கீழ வரிசையா அளங்க. 600 விக்கர்ஸ்ல குறி சுமார் 30 மைக்ரான் அகலம் வரும், அதுல மூணு மடங்கு இடைவெளி விடணும், அதாவது 0.1 மிமீ-க்கு ஒரு குறி. மெல்லிய தோல்னா நேர்கோட்டுல இடம் பத்தாது, குறியை சாய்வா அடுக்குங்க. மேல்பரப்புக்கு டிராயிங்ல கேட்ட குறைந்தபட்ச ஹார்ட்னஸ்ல 80 சதவீதத்துக்கு எந்த ஆழத்துல இறங்குதோ அதுதான் ஹார்டனிங் ஆழம். எட்சிங் ஸ்டீலுக்கு நைட்டால் (ஆல்கஹால்ல கலந்த நைட்ரிக் ஆசிட்) போதும். டைட்டானியத்துக்கு போடுற கிரால் கரைசல்ல ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இருக்கு, அது தோல்ல பட்டா முதல்ல வலிக்கவே வலிக்காது, உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் போகும், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கு எட்டுற தூரத்துல இல்லாம அந்த பாட்டிலைத் திறக்கவே கூடாது.

பாதுகாப்புன்னு பாத்தா எக்ஸ்ரே முதல்ல. எலக்ட்ரான் உலோகத்துல மோதுற ஒவ்வொரு நொடியும் எக்ஸ்ரே வருது, 60 கிலோவோல்ட் மெஷின்ல சேம்பரோட கனமான ஸ்டீல் சுவரே தடுத்துரும், 150 கிலோவோல்ட் மெஷினுக்கு ஈயம் போத்தி இருப்பாங்க. பாக்குற ஜன்னல்ல லெட் கிளாஸ் இருக்கும், அதை சாதா கண்ணாடி போட்டு மாத்துறது, கதவு இன்டர்லாக்கை பைபாஸ் பண்றது, சேம்பர்ல புதுசா ஓட்டை போட்டு ஒயர் இழுக்குறது, இதுல எதையும் சர்வே மீட்டர் (கதிர்வீச்சு அளக்குற கருவி) வச்சு அளக்காம செய்ய விடாதீங்க. கன்னைத் திறக்குறதுக்கு முன்னாடி எர்த் ராடு வச்சு டிஸ்சார்ஜ் பண்ணணும். டைட்டானியம் வேலை நிறைய ஓடின சேம்பர் சுவர்ல படியுற கருப்புப் பொடி சுலபமா தீப்பிடிக்கும், அதை வீட்டு வேக்குவம் கிளீனர் போட்டு உறிஞ்சாதீங்க, ஈரத் துணியால மெதுவா துடைச்சு எடுங்க.

ரஷ்யாவுல டாம்ஸ்க் நகரத்துல இருக்குற ஹை கரண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் வளர்த்தெடுத்த பல்ஸ் பீம் முறை தனி ரகம், அதுல 20, 30 கிலோவோல்ட்ல சில மைக்ரோசெகண்ட் மட்டும் பெரிய பரப்பு முழுக்க ஒரே அடியா அடிச்சு சில மைக்ரான் தோலை மட்டும் உருக்குவாங்க. வெல்டிங் மெஷினை வச்சு அது முடியாது, மில்லிமீட்டர் கணக்குல ஆழம் வேணும்ங்கறவங்களுக்கு அது தேவையும் இல்ல.

கடைசியா, உருக்கின மேல்பரப்பு அலை அலையா இருக்கும், 0.1-ல இருந்து 0.2 மிமீ கிரைண்டிங்ல போயிரும்னு கணக்கு வச்சு அதுக்கு மேல ஆழம் வர்ற மாதிரி செட்டிங் போடுங்க. அந்த செட்டிங்கை எழுதி வைக்கும்போது லென்ஸ் கரண்ட், கன்னுக்கும் ஜாப்புக்கும் உள்ள தூரம், அடிச்சப்ப ஜாப் என்ன சூட்டுல இருந்ததுங்கறதையும் சேத்து எழுதுங்க. ஃபிலமென்ட் மாத்தின ஒவ்வொரு தடவையும் பீமோட வடிவம் கொஞ்சம் மாறும், பழைய நம்பரை அப்படியே போடாம டங்ஸ்டன் துண்டுல ஃபோகஸ் பாத்து, டெஸ்ட் பீஸ்ல ஒரு பட்டை போட்டு வெட்டிப் பாத்துட்டு அப்புறம் ஜாப்பை ஏத்துங்க.